சம்பள உயர்வு பறிக்கும் மருத்துவக் காப்பு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய். எங்கள் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களில் யாருக்கு என்ன வைத்தியம் கிடைக்கும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. அதற்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும் மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் உண்டு. தாண்டிவிட்டால் ஒருவருக்கும் இல்லை. 2017 ஜனவரி 1 அன்று வைத்த இந்த வரம்பு இதை எழுதும் வரை அப்படியே நிற்கிறது. அரிசி விலையும் வீட்டு வாடகையும் அங்கேயே நிற்கவில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. குடியிருப்பது காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர். விடிவதற்கு முன்பே பொன்னேரிக்கரைப் பக்கம் போய் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஏறுகிறவர்களில் பலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். என் அப்பாவும் தறிக்காரர்தான். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழ மாட்டார். அம்மா ஊடை சுற்றுவார். ஒரு கோர்வைப் புடவை இறங்கப் பல நாள் ஆகும். நெய்ததற்குக் கூலி வரும், அவ்வளவுதான். முழங்கால் போனாலும் கண் மங்கினாலும் முதுகு பிடித்துக்கொண்டாலும் அது அவர் பாடு. கூலி கொடுக்கிறவர் முதலாளி இல்லை, நெய்கிறவர் தொழிலாளி இல்லை என்பது சட்டத்தின் கணக்கு. 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு இ.எஸ்.ஐ. திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1955-இல் அது கோயம்புத்தூர் ஆலைகளுக்கு வந்தது. வீட்டுத் தறிக்கு மட்டும் வரவே இல்லை. 2005-இல் கைத்தறி நெசவாளருக்கென்று மத்திய அரசு ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு வருடம் 15,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய நோயைப் பார்க்க முடிந்ததில்லை.

அதனால் எங்கள் தெருவில் பிள்ளை கம்பெனிக்குப் போனான் என்றால் சம்பளம் மட்டும் வீட்டுக்கு வந்ததாக அர்த்தமில்லை. அவனுடைய இ.எஸ்.ஐ. அட்டையில் அப்பா அம்மா பெயரும் ஏறும். பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தறியை விட்டுவிட்ட வயதான நெசவாளருக்கு அது தடையே இல்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தும் உழைப்பின் பேரில் ஒரு காப்பும் கிடைக்காத மனிதருக்கு, மகன் வேலைக்குப் போனதால் கிடைத்தது. இந்தத் தொழிற்பேட்டைகள் காஞ்சிபுரத்துக்குச் செய்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

சம்பளம் ஏறியதும் இந்த நன்மைதான் பறிபோகிறது.

சில வருடங்களுக்கு முன் ஊதிய உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என் மேசைக்கு வந்தார். "அக்கா, எனக்கு இந்த வருஷம் ஏத்த வேணாம்னு எழுதிக் குடுத்தா ஒத்துப்பாங்களா?" என்று கேட்டார். அவர் அப்பாவும் பட்டு நெய்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இ.எஸ்.ஐ. ரெஃபரல் கடிதத்தோடு ஒரு டை-அப் ஆஸ்பத்திரியில் பைசா செலவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. தம்பியின் சம்பளம் 20,700. ஏறப்போவது 900. உயர்ந்தால் 21,600.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20,700 ரூபாய்க்குத் தொழிலாளியிடம் பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 156 ரூபாய். கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம், 673 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 829 ரூபாய்க்கு ஒரு குடும்பம் முழுவதும் காப்பில் இருந்தது, இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு இல்லாமல். 900 ரூபாய் உயர்வோடு அந்தப் பிடித்தம் மிச்சமாகும் 156-ஐச் சேர்த்தாலும் கையில் கூடுவது ஆயிரத்துச் சொச்சம். அறுபது வயது தாண்டிய, ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு வெளியில் பாலிசி கொடுக்க எந்த நிறுவனம் முன்வரும்? கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். முன்பு அதிகபட்சம் 4 வருடமாக இருந்ததைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 3 வருடமாகக் குறைத்தது. டயாலிசிஸில் இருக்கிறவரை மூன்று வருடம் பொறுத்திருக்கச் சொல்ல முடியுமா?

உயர்வை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. கம்பெனியும் ஒருவருக்காகப் பட்டியலை மாற்றாது. ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அதைச் சொன்னேன். பலருக்கும் தெரியாததால் இங்கேயும் சொல்கிறேன். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அக்டோபர் - மார்ச்சில் குறைந்தது 78 நாளுக்குச் சம்பளம் வாங்கிப் பிடித்தம் கட்டியிருந்தால், ஏப்ரலில் வரம்பைத் தாண்டி வெளியே போனாலும் அந்த வருடம் டிசம்பர் 31 வரை மருத்துவ வசதி உண்டு. ஏப்ரலில் வரம்புக்குள் இருந்து நடுவில், மே மாதமோ ஜூன் மாதமோ, சம்பளம் ஏறினால் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும், வசதி அடுத்த ஜூன் 30 வரை நீளும். உயர்வு ஏப்ரல் 1-ஆ, மே 1-ஆ என்பதில் ஆறு மாத வைத்தியம் இருக்கிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கிடைத்த ஒன்பது மாதத்தைத் தம்பி வீணாக்கவில்லை. அலைந்து திரிந்து அரசு மருத்துவமனை ஒன்றில் அப்பாவுக்கு முறை வாங்கிவிட்டார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

கம்பெனி ஒன்றும் தராமல் விடவில்லை, குழுக் காப்பீடு தருகிறதே என்பார்கள். உண்மைதான், தருகிறது. நான் கையாளும் பாலிசிகளில் வழக்கமாக இருப்பது தொழிலாளி, மனைவி அல்லது கணவர், இரண்டு பிள்ளைகள், வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று லட்சம். பெற்றோரைச் சேர்க்க வேண்டுமென்றால் பிரீமியத்தைத் தொழிலாளியே கட்ட வேண்டும், அதிலும் பில்லில் ஒரு பங்கு அவர் தலையில். அறை வாடகைக்கு ஒரு வரம்பு, கண்புரைக்கு ஒரு வரம்பு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நல்ல காரியம். குழுக் காப்பீட்டுக்கு மட்டும் 18 சதவீதம் தொடர்கிறது. வசதி உள்ளவர் சொந்தமாக எடுக்கும் பாலிசிக்கு வரி இல்லை, உதிரிபாகக் கம்பெனித் தொழிலாளி தன் அப்பாவுக்காகக் கம்பெனி மூலம் கட்டும் பிரீமியத்துக்கு வரி உண்டு. இதில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குழுக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லை மட்டும்தான் பார்க்கும். இ.எஸ்.ஐ.யோ வீட்டு அடுப்பையும் பார்க்கும். நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதமாக இரண்டு வருடம் வரை. வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை 90 சதவீதம். உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. பிரஸ் மிஷினில் விரல் போகிற தொழிலில் இதெல்லாம் சின்ன விஷயமா? வரம்பைத் தாண்டினாலும் வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வழக்கு வரை போக வேண்டி வரலாம்.

பிறகு, கம்பெனி பாலிசி கம்பெனியோடு போய்விடும். 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் நிறுத்தியது. ஆலை மூடினால் குழுக் காப்பீடு நீடிக்காது. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி விதிகளில் இருக்கிறது, காத்திருப்புக் காலத்தில் கழித்த வருடங்களும் கணக்கில் வரும். ஆனால் பிரீமியத்தை யார் கட்டுவது? வேலை போன மாதத்தில் கட்டுவதா? இ.எஸ்.ஐ.யில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆலை மூடியோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவருக்கு உதவித்தொகையும் குடும்பத்துக்கு வைத்தியமும் தரும் திட்டம் 2005 முதல் இருக்கிறது.

வேலையோடு காப்பீட்டைக் கட்டிப்போட்டதன் விலையை அமெரிக்கர்கள் நம்மைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே சம்பளத்தை உயர்த்தக் கட்டுப்பாடு வந்தது. ஆள் பிடிக்க முதலாளிகள் காப்பீட்டைக் காட்டினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. 2010-இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் 50 முழுநேர ஊழியர் உள்ள நிறுவனம் காப்பீடு தர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்றது. வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவர் முழுநேர ஊழியர். சில முதலாளிகள் வேலை நேரத்தை 30-க்குக் கீழே குறைத்துவிட்டார்கள். இங்கே பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. கட்டாயம் என்பதால் பத்தாவது ஆளைப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒன்பதோடு நிறுத்துகிற கடைகளையும் பட்டறைகளையும் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை.

நமக்கும் இப்போது சீர்திருத்தம் வந்திருக்கிறது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மற்ற தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் பலவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காப்பு விஷயத்தில் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். பழைய முறையில் வீட்டு வாடகைப் படியையும் சேர்த்து வரம்பைப் பார்த்தோம். புதிய சட்டத்தில் ஊதியம் என்பதில் வீட்டு வாடகைப் படி வராது. இப்படி விலக்கும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தில் சேர்க்க வேண்டும். என்னிடம் வந்த தம்பியின் 21,600-இல் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,600, வீட்டு வாடகைப் படி 7,000. புதிய கணக்கில் அவர் ஊதியம் 14,600. வரம்புக்குள் நன்றாகவே இருப்பார். அப்பாவுக்கு டயாலிசிஸ் அதே ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டே இருந்திருக்கும். 2017-இலேயே இந்தக் கணக்கு வந்திருந்தால் எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும் என்று யோசிக்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. பிடித்தமும் 14,600-க்குத்தான் என்பதால், நோயில் படுத்தால் வரும் 70 சதவீதமும் அதை ஒட்டியே வரும். கைக்கு வரும் பணம் குறையும். வைத்தியம் தொடர்வதற்காக இதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மருமகள்களுக்கு ஒரு நல்ல செய்தி. பெண் தொழிலாளியின் மாமனார், மாமியாரையும் புதிய சட்டம் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. செல்போன் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. மாமனாருக்குத் தறி நின்று போயிருக்கும், கணவருக்கு நிலையான வேலை இருக்காது, மருமகள் சம்பளத்தில் குடும்பம் ஓடும். அந்த வீட்டில் பெரியவர்களுக்கு இதுவரை எந்த அட்டையிலும் இடமில்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும் முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் ஒத்துக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்கிறது சட்டம். பட்டுக்கடை விற்பனையாளர்களும் சாயப்பட்டறை ஆட்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பயந்துகொண்டு சும்மா இருந்தால் கிடைக்காது.

ஆனால் வரம்பு என்ற சுவர் அப்படியே நிற்கிறது, சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்று 14,600 ஊதியம் வாங்குகிறவர் சில வருடத்தில் 21,000-ஐத் தொடுவார். அன்று அவருக்கு வயது கூடியிருக்கும், பெற்றோருக்கும் கூடியிருக்கும். வைத்தியம் மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில் வெளியே போ என்கிறது இந்த ஏற்பாடு. வெளியே வந்தவருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இல்லை. அதற்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 21,000 என்றால் வருடம் 2,52,000. ஏழை என்று அரசு ஒப்புக்கொள்ளாது, வசதியானவர் என்று ஆஸ்பத்திரிக் கவுண்டரில் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி நடுவில் விழுந்தவர்கள் நாட்டு மக்களில் 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-இல் ஓர் அறிக்கையே போட்டது.

வரம்பை உயர்த்தியதே இல்லை என்று சொல்லவில்லை. 2004-இல் 7,500, 2006-இல் 10,000, 2010-இல் 15,000, 2017-இல் 21,000. ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. 2019 ஜூலையில் வரம்பைத் தொடாமல் பிடித்தத்தைக் குறைத்தார்கள். முதலாளி பங்கு 4.75-இலிருந்து 3.25, தொழிலாளி பங்கு 1.75-இலிருந்து 0.75. மொத்தம் 6.5 சதவீதம் 4 ஆனது. அதிக லாபம் முதலாளிக்கு. விகிதத்தைக் குறைக்க இடமிருந்தது என்றால் வரம்பை உயர்த்தவும் இடமிருந்தது. அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது, கார்ப்பரேட் பாலிசி என்றால் ஏ.சி. அறையில் படுக்கலாமே என்று எங்கள் கம்பெனி இளைஞர்களே சொல்கிறார்கள். இ.எஸ்.ஐ.யின் குறைகளை நான் மறைக்க மாட்டேன். டிஸ்பென்சரியில் மாத்திரை இல்லை, வெளியில் வாங்கிக்கொள் என்ற பதில் என் காதிலும் விழுந்திருக்கிறது. ரெஃபரல் கடிதத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதாரில் ஒரு எழுத்துப் பிழைக்காகக் குழந்தையின் பெயர் ஏறாமல் கிடந்த வீடுகளும் உண்டு. இதையெல்லாம் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். குறை இருக்கிறது என்பதற்காகத் தொழிலாளியை வெளியே தள்ளுவது அதற்கு மருந்தில்லை. காய்ச்சலுக்கும் விபத்துக்கும் ஏ.சி. அறை பாலிசி போதும். அப்பாவுக்கு வருடக்கணக்கில் வைத்தியம் என்று வரும்போது அந்த இளைஞர்களே பழைய அட்டை எண்ணை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, இது இன்னும் வேலை செய்யுமா?" என்று கேட்கிறார்கள்.

ஏனாத்தூரில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. ஊரிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துக் காரைப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோயால் 1969 பிப்ரவரியில் மறைந்த காஞ்சிபுரத்துக்காரரின் பெயரில் அது நடக்கிறது. கட்டடமும் டாக்டரும் பக்கத்தில் இருந்தும், பில் யார் தலையில் என்ற கேள்வியில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

செய்ய வேண்டியது பெரிய மர்மம் இல்லை. விலைவாசியோடு சேர்ந்து வரம்பு வருடாவருடம் தானாக ஏற வேண்டும், அடுத்த அறிவிப்புக்காக ஏழெட்டு வருடம் காத்திருக்கக் கூடாது. வரம்பைத் தாண்டியவர் விரும்பினால் இரண்டு பங்கையும் தாமே கட்டித் தொடரலாம் என்று விதி வர வேண்டும். 25,000 ஊதியத்துக்கு 4 சதவீதம் என்றால் மாதம் 1,000 ரூபாய். கட்டத் தயாராக இருக்கும் ஆட்களை என் பட்டியலிலேயே காட்டுவேன். இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யை இழந்து பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு, 2012 ஏப்ரலுக்குப் பின் குறைந்தது 5 வருடம் காப்பில் இருந்து, கடைசிச் சம்பளம் 30,000-க்குள் இருந்தால், மருத்துவ வசதி தரலாம் என்று இ.எஸ்.ஐ. கழகம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. ஓய்வு பெற்றவரும் துணையும் கட்ட வேண்டியது வருடத்துக்கு வெறும் 120 ரூபாய். தாண்டியவரை மறுபடி சேர்ப்பது முடிகிற காரியம் என்று அரசே காட்டிவிட்டது. வேலையில் இருக்கும்போதே அதைச் செய்தால் என்ன?

சங்கத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை. ஊதியப் பேச்சுவார்த்தையில் எத்தனை ரூபாய் உயர்வு என்று கேட்பதோடு, யாரெல்லாம் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போகிறார்கள், அவர்களுடைய பெற்றோருக்குக் கம்பெனி பாலிசியில் இடம் உண்டா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். கான்ட்ராக்டில் இருந்தவரை அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. இருந்தது, பர்மனென்ட் ஆனதும் போய்விட்டது என்ற நிலை எந்தச் சங்கத்துக்கும் பெருமை இல்லை.

கையில் உயர்வுக் கடிதம் வாங்கப்போகும் தம்பி தங்கைகளே, புதிய சட்டப்படி உங்கள் ஊதியம் எவ்வளவு என்று உங்கள் கம்பெனியில் சம்பளம் போடுகிறவரிடம் கேளுங்கள். உயர்வு எந்தத் தேதியில் இருந்து என்று பாருங்கள். அப்பா அம்மா பெயரும், பெண்களாக இருந்தால் அத்தை மாமா பெயரும், அட்டையில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.